நிற்கும்போதுதான் குளிர் வெல்லும்

ஜனவரியில் வட இங்கிலாந்தில் காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எழும். மாலை நாலு மணி சுமாருக்கு மறைந்துவிடும். ஒரு நாளில் ஏறக்குறைய 16 மணி நேரம் இருட்டு. அந்த இருட்டில், மழையும் பனியும் மாறிமாறி அடிக்க, 268 மைல் (சுமார் 431 கிலோமீட்டர்) மலைப்பாதையைக் கடக்கும் ஓட்டம் ஒன்று 2012 முதல் நடந்துவருகிறது. ஸ்பைன் ரேஸ் என்று பெயர். ஈடேல் கிராமத்தில் கிளம்பி, பென்னைன் மலைத்தொடரின் முதுகிலேயே சென்று, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் முடியும்.

அவகாசம் 168 மணி நேரம். கடிகாரம் நிற்பதே இல்லை. எங்கே தூங்குவது, எவ்வளவு நேரம் தூங்குவது என்பதெல்லாம் ஓடுபவர் பாடு. போட்டிக்கென்று அம்புக்குறியோ ரிப்பனோ கட்டிவைக்க மாட்டார்கள். வரைபடம், திசைகாட்டி, ஜி.பி.எஸ். கருவி ஆகியவற்றைக் கொண்டு அவரவர் வழியை அவரவரே கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு மாதக்கணக்கில் ஓடிப் பழக வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உயிரைக் காப்பது, ஓட முடியாமல் நின்றுபோகும் நேரத்துக்கான தயாரிப்புதான்.

சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்கு, அதாவது 80 முதல் 100 வாட் வரை, வெப்பம் உண்டாக்குகிறது. மேட்டில் ஏறும்போது இது பல மடங்காகும். அதனால்தான் உறைநிலைக் குளிரிலும் மெல்லிய சட்டையும் மழை அங்கியுமாக ஓட முடிகிறது. கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் வெப்ப உற்பத்தி சில நிமிடங்களில் சரிந்துவிடும். இழப்போ குறையாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால், வியர்வையிலும் மழையிலும் நனைந்த உடையே எதிரியாகிவிடும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. முதலில் நடுக்கம். நடுக்கம் என்பது வெப்பத்துக்காகத் தசைகள் செய்யும் வேலை. அதற்கும் எரிபொருள் வேண்டும். பல மணி நேரம் ஓடியவரின் தசையில் அது ஏற்கெனவே தீர்ந்திருக்கும். அடுத்து விரல்கள் மரத்து, ஜிப்பைக்கூட இழுக்க முடியாமல் போகும். அதன்பின் மூளை மந்தமாகும். தனக்கு ஆபத்து என்பதே பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. ஆகவே, குளிரெடுத்த பிறகு அல்ல, நிற்பதற்கு முன்பே ஒரு உடுப்பைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென வானிலை மாறி 21 பேர் இறந்தார்கள். குளிர்காலம்கூட அல்ல. காற்றுத்தடுப்பு அங்கி அங்கே கட்டாயமாக்கப்பட்டிருக்கவில்லை. ஸ்பைன் ரேஸில் தூக்கப்பை, நீர்புகா உறை, அடுப்பு வரை கட்டாயம். ஓடும்போது இவை வெறும் சுமை. நின்றுவிட்டால் இவைதான் உயிர்.

அடுத்தது திசை. ஜெர்மனியில் ஜான் சௌமன் குழுவினர் ஒரு காட்டில் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு: சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனார்கள், மேகம் மறைத்ததும், தாங்கள் நேராகப் போவதாக நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள். பனிமூட்டத்தில் ஸ்பைன் ரேஸ் பாதையிலுள்ள 893 மீட்டர் உயர கிராஸ் ஃபெல் மலையைக் கடப்பவருக்கும் இதே கதிதான். திசைகாட்டியைத்தான் நம்ப வேண்டும், உள்ளுணர்வை அல்ல.

தூரத்தைக் காலடிகளை எண்ணி அளக்கலாம். நேரத்தைக் கணிக்க, ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். கணக்குப்படி வந்திருக்க வேண்டிய ஓடை வரவில்லையென்றால் வழி தவறிவிட்டது என்று பொருள். ஜி.பி.எஸ். இருக்கிறதே என்று இதைக் கற்காமல் விடக் கூடாது. குளிரில் பேட்டரியின் வேதிவினை மந்தமாகிச் சட்டென்று சார்ஜ் இறங்கும். மாற்று பேட்டரிகளை உடம்போடு ஒட்டிய பையில் வைத்துக்கொள்வது நல்லது.

2019இல் ஜாஸ்மின் பாரிஸ் என்ற வீராங்கனை ஸ்பைன் ரேஸை 83 மணி 12 நிமிடத்தில் முடித்து, ஆண்களையும் சேர்த்தே முதலிடம் பிடித்தார். முந்தைய சாதனையைவிட சுமார் 12 மணி நேரம் குறைவு. 14 மாதக் கைக்குழந்தையின் தாய் அவர். இடைத்தங்கல் நிலையங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டே ஓடினார். வியக்காமல் இருக்க முடியவில்லை. அதே ஆண்டு இரண்டாம் இடத்தில் வந்துகொண்டிருந்தவரோ, முன்பு இதே ஓட்டத்தில் வென்ற ஸ்பெயின் வீரர். முடிவுக்குச் சில மைல்களே இருக்கையில் உடல் குளிர்ந்துபோய் அவர் விலக நேர்ந்தது. அனுபவமும் கால்வலுவும் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இத்தகைய ஓட்டத்தில் ஆசை வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு மழை இரவில் வெளியே போங்கள். நனைந்த கையுறையோடு பையைத் திறந்து, உடை மாற்றி, தூக்கப்பைக்குள் புகுந்து, அடுப்பைப் பற்றவைத்துப் பழகுங்கள். தலைவிளக்கு வெளிச்சத்தில் வரைபடத்தைப் படியுங்கள். இவை தூக்கக் கலக்கத்திலும் கைவரும் என்ற நிலை வரும்வரை பெயர் கொடுக்காதீர்கள்.