ஆடு ஏறாத குன்று

சண்டிகரின் சுக்னா ஏரியை 1958-இல் ஓர் ஓடையை மறித்துக் கட்டினார்கள். எழுபதுகளின் நடுவில் பார்த்தால் கொள்ளளவில் பாதிக்கு மேல் சேறு. தூர்வாரினாலும் மழைக்கு மழை புதுச் சேறு வந்து இறங்கியது. ஓடையோடே மேலேறிப் போன மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர், ஹரியானாவின் சுகோமாஜ்ரி என்ற சிற்றூரில் போய் நின்றார்கள். பி.ஆர்.மிஸ்ரா அவர்களுடைய தலைவர்.

ஊருக்குப் பின்னே சிவாலிக்கின் மொட்டைக் குன்றுகள். இளம் மலை என்பதால் மணற்கல்லும் களிமண்ணும் இன்னும் இறுகவில்லை. வெற்று மண்ணில் மழைத்துளி அறையும்போது துகள்கள் தெறிக்கின்றன. பொடி மண் துளைகளை அடைத்துக்கொள்கிறது. அடுத்து விழும் நீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. சரிவில் கோடு கோடாக ஓடத் தொடங்கி, நாளடைவில் ஆள் இறங்கி நடக்கும் பள்ளமாக அறுத்துவிடுகிறது.

மரம் நடலாம்தான். நட்ட கன்றின் தளிரை ஆடு விட்டுவைக்குமா? மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் ஊர் எதைத் தின்னும்?

விடை தற்செயலாகக் கிடைத்தது. சேற்றைப் பிடிக்க 1976-இல் ஒரு சிறு மண் அணை கட்டப்பட்டது. ஊராரின் கண் சேற்றில் இல்லை, அதில் தேங்கிய தண்ணீரில் இருந்தது. வானம் பார்த்த கோதுமைக்கு ஒரு பாய்ச்சல் கிடைத்தாலே விளைச்சல் எங்கோ போய்விடும். அணை தூர்ந்துபோகாமல் இருக்க வேண்டுமானால் குன்றில் ஆடு ஏறக்கூடாது. பேரம் அங்கேதான் தொடங்கியது.

ஆனால் தண்ணீர் அணைக்குக் கீழே நிலம் வைத்திருப்பவருக்கே போகும். நிலமில்லாதவர் ஏன் மேய்ச்சலை விட வேண்டும்? நியாயமான கேள்வி. வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சமம், வேண்டாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம் என்று ஊர்ச் சங்கம் முடிவெடுத்தது. சுகோமாஜ்ரியின் அசல் கண்டுபிடிப்பு இதுதான். அணை கட்டத் தெரிந்தவர்கள் எங்கும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் பங்கு இருந்ததால் ஊராரே ஆடுகளைக் குன்றில் ஏறவிடவில்லை; முள்வேலிக்கு வேலையில்லாமல் போனது. இந்த ஏற்பாட்டுக்குச் 'சமூக வேலி' என்று பெயர் வந்தது.

முதலில் எழுந்தது புல். அதில் பாபர் புல் கயிறு திரிக்கவும் காகித ஆலைக்கும் போகும். முன்பு ஒப்பந்தக்காரர்கள் ஏலம் எடுத்த அந்தப் புல்லை வனத்துறை சங்கத்துக்கே குத்தகைக்கு விட்டது. ஆடுகள் குறைந்து, கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின, பால் பெருகியது. வெற்றிலைக்குக் காசுக்கட்டி தரும் கைர் மரமும் பிறவும் தலையெடுத்தன. 1976-இல் ஹெக்டேருக்கு 13 மரங்கள்; 1992-இல் 1,272. சுகோமாஜ்ரியிலிருந்து ஏரிக்கு வந்த வண்டல் சுமார் 90 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள்.

சங்கத்தின் வருமானத்தைப் பார்த்து வருமான வரித்துறையும் வந்தது! பின்னாளில் வனத்துறை புல் வருவாயின் பங்கீட்டை மாற்றியபோது சங்கத்தின் கைக்கு வந்தது குறைந்தது. அணைகளைப் பராமரித்துவந்ததும் அந்தப் பணத்தில்தான்.