பலகை பேசுகிறது: திருநீர்மலை முதல் தாம்பரம் வரை சைக்கிளில் ஒரு சுற்று

கடைக்குக் கல்லாப்பெட்டி வயிறு என்றால், வாசலில் தொங்கும் பலகைதான் முகம். முகம் பார்த்துத்தான் வாடிக்கையாளர் உள்ளே வருகிறார். ஆனால் நம் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் கடைசியாகப் படித்துப் பார்த்தோம்? திறப்பு விழா அன்று படித்ததோடு சரி. அதன் பிறகு அது வெயிலிலும் மழையிலும் தானாகவே பேசிக்கொண்டிருக்கிறது.

அது என்னதான் பேசுகிறது என்று கேட்டுவரலாமே என்று திருநீர்மலை அடிவாரத்தில் தொடங்கி நாகல்கேணி, குரோம்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என்று சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றினோம். பலகை படிக்கச் சைக்கிளே சரியான வாகனம். பஸ்ஸில் போனால் பாதிப் பலகைகூடக் கண்ணில் நிற்காது. நடந்து போனால் பத்துக் கடைக்குள் கால் வலித்துவிடும். சைக்கிளில் போனால் படிக்கலாம், சிரிக்கலாம், நினைத்த இடத்தில் இறங்கி ஒரு டீயும் குடிக்கலாம்.

அடிவாரத்தில்

திருநீர்மலை 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள், மலைமேல் ரங்கநாதர் என்று பெருமாளை நின்ற, இருந்த, கிடந்த, நடந்த என நான்கு கோலங்களிலும் சேவிக்கக்கூடிய ஊர். முகூர்த்த நாட்களில் கல்யாணக் கூட்டம் அலைமோதும். துளசி மாலையும் தேங்காய்ப் பழமும் விற்கும் கடைகளுக்கு அன்றுதான் உண்மையான பண்டிகை.

இங்கே ஒரு கடையில் ‘செருப்பு இலவசமாகப் பாதுகாக்கப்படும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அருகில் போனால், அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்ததுபோல் இன்னொரு வரி: ‘அர்ச்சனைத் தட்டு வாங்குபவர்களுக்கு மட்டும்’. பெருமாளைச் சேவிக்கும் நேரத்தில் செருப்பைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று பக்தருக்கு நிம்மதி. கடைக்காரருக்கு ஒரு தட்டு வியாபாரம். இலவசம் என்பதன் இலக்கணத்தை இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

எழுத்து மாறினால் சரக்கே மாறும்

நம் பகுதிப் பலகைகளில் அதிகம் சிரிக்க வைப்பவை எழுத்துப் பிழைகள்தாம். ஓர் உணவுக் கடையில் ‘மீன் குளம்பு’ தயார் என்று எழுதியிருந்தார்கள். மாட்டுக்குக் குளம்பு உண்டு, குதிரைக்குக் குளம்பு உண்டு; மீனுக்கு எப்போது முளைத்ததோ தெரியவில்லை. கோழிக்கடையில் ‘கோழிக் கரி’ கிலோ இவ்வளவு என்று விலை போட்டிருந்தது. கரி வேண்டுமானால் விறகுத் தொட்டிக்கல்லவா போக வேண்டும்? மாவு மில்லில் ‘இங்கு மாவு அறைத்துத் தரப்படும்’. அரிசி பாவம், என்ன தப்புச் செய்ததோ!

இவையெல்லாம் சிரிப்போடு போய்விடும். காசு போகிற பிழையும் உண்டு. ‘அரை வாடகைக்கு விடப்படும்’ என்று ஒரு வீட்டு மாடியில் பலகை. அறையைத்தான் சொல்கிறார்கள் என்று நமக்குப் புரிகிறது. ஆனால் குறும்புக்காரர் ஒருவர் வந்து, ‘பலகையில் சொன்னபடி பாதி வாடகைக்குத்தானே?’ என்று கேட்டால் வீட்டுக்காரர் என்ன பதில் சொல்வார்?

மளிகைக் கடை வாசலில் கண்ட சிலேட்டு ஒன்றை மறக்க முடியாது. ‘மண்டை வெள்ளம் வந்துவிட்டது’ என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. வெல்லம் வந்த சந்தோஷத்தில் ஒரு எழுத்துத் தவறிவிட்டது. வெள்ளத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலையில் நம் பகுதி என்றைக்கும் இருந்ததில்லை. திருமங்கையாழ்வார் சேவிக்க வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் சூழ்ந்திருந்ததால், வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததை நாமே பார்த்தோம். அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் நனைந்து நாசமான கடைக்காரர் எவரும் அந்தச் சிலேட்டைப் பார்த்தால் ஒரு நொடி திடுக்கிட்டிருப்பார்.

பிழைக்குக் காரணம் எழுதியவர் மட்டுமல்ல. முன்பெல்லாம் பலகை எழுதும் ஓவியர் கடை வாசலிலேயே ஏணி போட்டு, சுண்ணாம்புக் கோடு இழுத்து, நாள் முழுக்க எழுதுவார். போகிறவர் வருகிறவர் படிப்பார்கள். பெயின்ட் காயும் முன்பே யாராவது ஒரு தமிழாசிரியர் திருத்திவிடுவார். மூலையில் ஓவியர் தன் பெயரையும் போடுவார் என்பதால் அவருக்கும் பொறுப்பு இருந்தது. இப்போது கம்ப்யூட்டரில் அடித்து ஒரு மணி நேரத்தில் ஃபிளெக்ஸாக வந்துவிடுகிறது. அச்சுக்குப் போகுமுன் இரண்டு நிமிடம் ஒதுக்கி, நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் போதும்.

கடன் பலகைகள்

நம் வணிக உலகத்தின் நகைச்சுவை முழுவதும் கடன் பலகையில்தான் அடங்கியிருக்கிறது. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்பது அதில் தாத்தா. நாளை என்றைக்குமே வராது என்ற தத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. ‘கடன் அன்பை முறிக்கும்’ என்பது அடுத்தது. ‘80 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் பெற்றோருடன் வந்தால் கடன் தரப்படும்’ என்பது இளைய தலைமுறைச் சரக்கு. பழைய கடைகளில் ஒரு படம் மாட்டியிருப்பார்கள்: ரொக்கத்துக்கு விற்றவர் தொந்தியும் பணப்பெட்டியுமாகச் சிரிப்பார், கடனுக்கு விற்றவர் எலும்பும் தோலுமாகத் தலையில் கை வைத்திருப்பார். அந்தப் படம் இந்தியா முழுக்கப் பல மொழிகளில் மாட்டப்பட்ட படம்.

நாகல்கேணிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் ‘கடன் கிடையாது’ என்ற பலகைக்கு நேர் கீழே, ஆணியில் நீள நோட்டு ஒன்று தொங்கியது.

“என்ன அண்ணாச்சி, மேலே கடன் இல்லேன்னு போட்டிருக்கு, கீழே கடன் நோட்டு தொங்குதே?” என்று கேட்டோம்.

“பலகை புதுசா வர்றவங்களுக்குங்க. நோட்டு பழகினவங்களுக்கு. சனிக்கிழமை கூலி வாங்குறவங்க வியாழக்கிழமை அரிசிக்கு எங்கே போவாங்க?” என்றார்.

தோல் பதனிடும் வேலையும் தறி வேலையும் கூலி வேலையுமாக வளர்ந்த பகுதி இது. பெரிய அங்காடிகள் தள்ளுபடி தரலாம். வியாழக்கிழமை அரிசியை நம் அண்ணாச்சிதான் தர முடியும். நம் சிறு கடைகள் இன்னும் நிற்பதற்கு அந்த நோட்டும் ஒரு காரணம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். தவணை குறிப்பிடாமல் கடனுக்கு விற்ற சரக்கின் பணத்துக்கு வழக்குப் போடும் கெடு, காலவரையறைச் சட்டப்படி சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தாம். நோட்டில் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் இல்லாவிட்டால் கடன் அன்பை மட்டுமல்ல, முதலையும் முறித்துவிடும்.

பலகை ஊரான கதை

சைக்கிளை ஜி.எஸ்.டி. சாலையில் ஏற்றினோம். இந்தச் சாலைப் பெயரே இப்போது ஒரு வேடிக்கைதான். நாட்டுக்கு ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1 அன்று. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டில் கடை வைத்த நமக்கோ, விலாசத்திலேயே அது எப்போதும் இருந்து வந்திருக்கிறது!

குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. ஒரு தொழிற்சாலையின் பெயர் ஊரின் பெயராகிவிட்டது. அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம். 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனையின் பெயரை ரயில்வே பலகையில் எழுதப்போய், அந்தச் சுற்று வட்டாரத்துக்கே அது நிலைத்துவிட்டது. காய்கறி விற்கும் பாட்டிகூட ‘சானடோரியம்’ என்று சரளமாகச் சொல்கிறார். நல்ல பெயரைப் பலகையில் எழுதினால் அது எத்தனை காலம் நிற்கும் என்பதற்கு இந்த இரண்டு ஊர்களே சாட்சி.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ பெரும்பாலும் பலகையே கிடையாது. குரல்தான் பலகை. அட்டையில் ‘எது எடுத்தாலும் 10 ரூபாய்’ என்று எழுதிய ஒருவர், வாடிக்கையாளர் கை வைத்த பொருளைப் பார்த்து, ‘அது மட்டும் 50’ என்றார்.

தாம்பரத்தைத் தாண்டித் தெற்கே போனால் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் வரிசை கட்டுகின்றன. பாலின் தரத்தைக் கருவி வைத்து டிகிரி பார்த்ததால் வந்த பெயர் என்பார் ஒருவர். சிக்கரி என்பதே டிகிரி ஆனது என்பார் இன்னொருவர். எதுவானாலும், பித்தளை டபராவும் இந்த இரண்டு சொல்லும் போதும், கார் தானாக ஓரம் கட்டுகிறது. பலகையின் பலம் அது.

அருகருகே இரண்டு கடைகள் ஒரே பெயரில் இருந்து, இரண்டிலும் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்று எழுதியிருப்பதும் நாம் அடிக்கடி காணும் காட்சி. ‘பழைய கடை’ என்று ஒருவர் எழுத, ‘அசல் பழைய கடை’ என்று அடுத்தவர் எழுதுவார். பெயர் சம்பாதித்த அன்பர்கள் காலாகாலத்தில் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டால் இந்தச் சண்டையே வராது.

காலி மனைகளிலும் பலகைகள் உண்டு. மற்ற ஊர்களில் ‘விற்பனைக்கு’ என்று பலகை வைப்பார்கள். நம் பகுதியில் ‘இந்த இடம் விற்பனைக்கு அல்ல’ என்று வைக்க வேண்டியிருக்கிறது. உரிமையாளர் வெளியூரில் இருக்க, போலிப் பத்திரத்தில் வேறொருவர் விற்றுவிடக்கூடும் என்ற பயம்தான் காரணம். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அடங்கிவிட்டது.

மனதைத் தொட்ட பலகை எது என்று கேட்டால், நமக்கு முன்னால் போன ஆட்டோவின் முதுகைத்தான் சொல்வோம்: ‘பிரசவத்திற்கு இலவசம்’. தமிழ்நாட்டு ஆட்டோக்களில் எத்தனையோ ஆண்டுகளாக இருக்கும் வாசகம். கோடி ரூபாய் விளம்பரத்தாலும் வாங்க முடியாத மரியாதையை அந்த இரண்டு சொல் வாங்கிக் கொடுக்கிறது.

சிரித்தது போதும், கவனிக்க வேண்டியவை

பலகை விஷயத்தில் சட்டம் சொல்வதையும் உறுப்பினர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள் 1948இன் 15ஆம் விதிப்படி பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும். பிற மொழிகளையும் சேர்த்தால் தமிழ் முதன்மையாக, 5 பங்கு தமிழ், 3 பங்கு ஆங்கிலம், 2 பங்கு பிற மொழி என்ற அளவில் அமைய வேண்டும். ‘பேக்கரி’ என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். இங்கே ‘அடுமனை’ என்று ஒரு சொல் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ‘வெதுப்பகம்’ என்றே எழுதுகிறார்கள். ரொட்டி அங்கேயும் நன்றாகத்தான் விற்கிறது.

ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் வாசல் பெயர்ப் பலகையில் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும். சான்றிதழையும் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். காம்போசிஷன் முறையில் இருப்பவர்கள் அதைக் கடைப் பலகையிலேயே குறிப்பிட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையை இன்னும் பல கடைகளில் பார்த்தோம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, குறையுள்ள பொருளை ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ஆகவே அந்தப் பலகை நமக்குப் பாதுகாப்பல்ல. நமக்கு எதிரான சாட்சி.

பணம் வாங்கும் கியூஆர் அட்டையையும் தினமும் கடை திறந்தவுடன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதன்மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிப் பணத்தைத் திருப்பிய மோசடிகள் பல ஊர்களில் நடந்திருக்கின்றன.

கடைசியாக, மிக முக்கியமானது. 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணை ரேடியல் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மீது ஒரு கல்யாண பேனர் விழுந்தது. கீழே விழுந்த அவர் மீது தண்ணீர் லாரி ஏறி உயிர் போயிற்று. அது கடைப் பலகை அல்ல. ஆனாலும் துருப்பிடித்த கம்பியில், அறுந்த கயிற்றில், சாலைப் பக்கம் துருத்திக்கொண்டு தொங்கும் கடைப் பலகைகளை இந்தச் சுற்றில் நிறையப் பார்த்தோம். சைக்கிளில் போகிறவருக்கு அது தலைக்கு மேல் தொங்கும் கத்தி. வடகிழக்குப் பருவமழை வருமுன் ஒரு வெல்டரைக் கூப்பிட்டு இரண்டு கம்பி வைத்துக் கட்டுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

ஆகவே அன்பர்களே, நாளைக் காலை கடை திறந்தவுடன் எதிர்ப்பக்கம் போய் நின்று, உங்கள் பலகையை ஒரு வாடிக்கையாளர் போலப் படித்துப் பாருங்கள். எழுத்து சரியா, சொன்னது நியாயமா, கட்டு உறுதியா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால், நாலாவதாக ஒரு சிரிப்பையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். சிரித்துக்கொண்டே உள்ளே வருகிற வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.