சட்டத்தின் ‘அவன்’ எல்லோரையும் குறிக்குமா?

புது தில்லி: நாடாளுமன்றம் 2023 ஆகஸ்டில் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஆங்கில மூலத்தில், தகவலுக்கு உரியவர் ஆணாயினும் பெண்ணாயினும் ‘அவள்’ என்றே குறிப்பிடப்படுகிறார். பெண்களுக்கு அதிகாரம் அளிக்கும் அரசின் கொள்கைக்கு ஏற்ப, இந்தியச் சட்ட வரலாற்றில் முதல் முறையாக இவ்வாறு செய்யப்படுவதாக 2022 நவம்பரில் வரைவு வெளியானபோதே மத்திய அரசு பெருமையுடன் அறிவித்தது.

அந்தப் பெருமை ஐந்து மாதம்கூட முழுதாக நீடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அதே நாடாளுமன்றம் நிறைவேற்றிய பாரதிய நியாய சன்ஹிதா, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தைப் போலவே ‘அவன்’ என்று பேசுகிறது. அச்சொல் ஆண், பெண், திருநங்கை, திருநம்பி என எவரையும் குறிக்கும் என்று அதன் 2(10) பிரிவு விளக்குகிறது. திருநர் சேர்க்கப்பட்டது மட்டுமே புதுமை.

வெறும் இலக்கணச் சர்ச்சை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஆண்பால் சொற்கள் பெண்களையும் உள்ளடக்கும் என்ற விதி 1868ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்திலேயே இருந்தது. ஆயினும் சட்டம் பயின்ற ரெஜினா குஹா வழக்குரைஞராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது, 1916இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. 1921இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதிதான். 1923இல் தனிச் சட்டம் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது. பெண்களையும் உள்ளடக்கும் என்று ஏட்டில் இருந்த சொல், தேவைப்பட்ட நேரத்தில் அவர்களை வெளியே நிறுத்தியது.

மாறாக, குடியரசுத் தலைவரை ‘அவன்’ என்றே குறிக்கும் அரசமைப்புச் சட்டம், 2007இல் பிரதிபா பாட்டீலுக்கோ 2022இல் திரௌபதி முர்முவுக்கோ தடையாக இருக்கவில்லை. ‘ராஷ்டிரபதி’ என்ற சொல் பெண்ணுக்குப் பொருந்துமா என்று 2007இல் சிறிது காலம் விவாதம் நடந்ததோடு சரி.

பிரிட்டன் 2007ஆம் ஆண்டிலேயே அரசு மசோதாக்களைப் பால் சாராத நடையில் எழுத முடிவு செய்தது. பெயர்ச்சொல்லையே திரும்பச் சொல்வது ஒரு வழி, வாக்கியம் நீளும். ஆங்கிலப் பன்மைச் சுட்டைக் கையாண்டால், குற்றவாளி ஒருவரா பலரா என்ற ஐயம் எழலாம். தண்டனைச் சட்டத்தில் அது சிறிய விஷயமல்ல. தமிழில் ‘அவர்’ இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. ஹிந்தியின் ‘வஹ்’ பால் காட்டாது. வினைமுற்று காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று நடைமுறையில் உள்ள 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஒருமை பன்மையையும் பன்மை ஒருமையையும் குறிக்கும் என்கிறது. பால் குறித்த விதியில் அந்தப் பரஸ்பரம் இல்லை: ஆண்பால் பெண்ணை உள்ளடக்கும், அவ்வளவே. அதனால்தான் தரவுச் சட்டத்தில் ‘அவள்’ எவரையும் குறிக்கும் என்று 2ஆவது பிரிவில் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.