மொய்ராங்: மிதக்கும் காடு, மெலியும் தரை
105 மெகாவாட் மின்சாரத்துக்கு ஓர் ஏரி கொடுக்கும் விலை

மணிப்பூரின் லோக்தக் ஏரியில் தரை, நடந்தால் லேசாக ஆடும். காலுக்கடியில் இருப்பது மண் அல்ல. புல்லும் வேரும் மட்கிய தழையும் பின்னிக்கொண்ட மெத்தை. உள்ளூர்க்காரர்கள் இதை ஃபும்டி என்கிறார்கள். இந்த ஏரியின் கரையில், இம்பாலுக்குத் தெற்கே 45 கி.மீ. தொலைவில் இருக்கும் சிறு நகரம் மொய்ராங்.

ஊர் சிறிது, வரலாறு பெரிது. காம்பா - தொய்பி காதல் கதை பிறந்த மண் இது. தாங்ஜிங் தெய்வத்தின் கோயிலில் ஆண்டுதோறும் லாய் ஹரோபா விழா களைகட்டும். 1944 ஏப்ரல் 14 அன்று கர்னல் ஷௌகத் அலி மாலிக் இந்திய தேசிய ராணுவத்தின் மூவர்ணக் கொடியை ஏற்றியதும் இங்கேதான். சிங்கப்பூரில் நேதாஜி எழுப்பி, 1945லேயே பிரிட்டிஷார் தகர்த்த தியாகிகள் சின்னத்தின் நகல் இன்று மொய்ராங்கில் நிற்கிறது. மலேயா தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம் என்பதால், தமிழகப் பயணிக்கு இது அந்நிய ஊர் அல்ல.

அருகிலுள்ள கெய்புல் லாம்ஜாவ், உலகின் ஒரே மிதக்கும் தேசியப் பூங்கா. பரப்பு 40 சதுர கி.மீ. அழிந்துவிட்டதாக 1951ல் கருதப்பட்ட சங்காய் மான் இங்கு மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. 1975ல் எண்ணியபோது இருந்தவை 14, 2016ல் 260.

ஆனால் ஆபத்து தீரவில்லை. முன்பெல்லாம் கோடையில் நீர் வற்ற, ஃபும்டி ஏரியின் அடியில் படியும். வேர்கள் மண்ணிலிருந்து சத்தை உறிஞ்சும். மழை வந்ததும் மீண்டும் மிதக்கும். 1983ல் இத்தாய் தடுப்பணை வந்தது. நீர்மின் நிலையத்துக்காக ஆண்டு முழுவதும் நீர் உயரமாகவே தேக்கப்படுகிறது. அடியைத் தொட முடியாத ஃபும்டி மெலிகிறது. மானின் பாரத்தைத் தாங்கும் வலு குறைகிறது. கரையோர வயல்களும் நீரில் மூழ்கின. மீனவர்களுக்கும் நிம்மதியில்லை: 2011ல் ஏரியைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லி, ஃபும்டி மேல் இருந்த அவர்களது குடிசைகளை அதிகாரிகள் எரித்தனர்.

2023 மே மாதம் வெடித்த இனமோதல் மொய்ராங்கையும் விட்டுவைக்கவில்லை. நிலைமையை விசாரித்த பிறகே புறப்படுவது நல்லது. வெளிமாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டும் தேவை.

மான்களுக்கு வேண்டியதோ எளிமையானது: கோடையில் சில வாரங்கள் மதகு திறந்து, ஃபும்டி மண்ணைத் தொட வேண்டும்.