மேலாளர் பணிக்கு ஆயத்தம்

தில்லிப் பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறை 1954ஆம் ஆண்டில் தோன்றியது. கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் அமைந்தது 1961இல்தான். பொதுத்துறையில் பேராலைகள் எழுந்த காலம் அது. எந்திரங்களை அயல்நாடுகளிலிருந்து தருவிக்கலாம். ஆலையை நடத்துவோரை இங்கேதான் உருவாக்க வேண்டும்.

இம்மூன்று நிறுவனங்களிலும் சேர விழைவோர் இன்று 'கேட்' பொது நுழைவுத் தேர்வை எழுதுகின்றனர். மொழித்திறன், தரவு ஆய்வு, தருக்கம், கணக்கு ஆகியவற்றை அது அளக்கிறது. தொழிலாளியின் குறையைப் பொறுமையுடன் கேட்கும் ஆற்றலை அளப்பதில்லை. பல மாணவர்களின் ஆயத்தமோ தேர்வுடன் முடிந்துவிடுகிறது.

மின்பொறியியல் பட்டயம் பெற்றுச் சென்னை மாகாண மின்துறையில் பணியாற்றிய வி. கிருஷ்ணமூர்த்தி வேறு வழியில் வளர்ந்தவர். தில்லியில் திட்டக் குழு, திருச்சியில் கொதிகலன் ஆலை, பின்னர் பாரத மிகுமின் நிறுவனத்தின் தலைமை எனப் படிப்படியாக உயர்ந்தார். 1981இல் மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. தில்லியை அடுத்த குர்கானில் 1983 டிசம்பரில் முதல் கார் வெளிவந்தது. சுசூகியிடமிருந்து தொழில்நுட்பம் மட்டும் வரவில்லை. அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்னும் வழக்கமும் வந்தது.

எனினும் சீருடை எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2012 ஜூலையில் அதே நிறுவனத்தின் மானேசர் ஆலையில் மூண்ட கலவரத்தில் மனிதவளப் பிரிவின் பொது மேலாளர் உயிரிழந்தார். நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இடையிலிருந்த ஊதிய வேறுபாடு அங்கு நெடுநாள் மனக்குறையாக இருந்தது.

ஆகவே, மேலாண்மை பயில்வோர் விடுமுறையில் சில வாரங்களை ஓக்லா போன்ற தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் கழிப்பது நன்று. கூலிப் பட்டியல், சரக்கிருப்புப் பதிவேடு, வசூலாகாத பாக்கி ஆகியவற்றை அங்கே நேரில் காணலாம்.