மொட்டை மாடி ஒழுகுகிறதா? விலை கேட்கும் முன் சில வேலைகள்

நம் சங்க அன்பர்கள் பலர் ஆயுட்காலச் சேமிப்பைப் போட்டுப் பெங்களூரில் அடுக்குமாடி வீடு வாங்கியிருக்கிறார்கள். மழை வந்தால் மேல் வீட்டுக்காரர் வாளி வைக்கிறார். கீழ் வீட்டுக்காரரோ, "அது உங்கள் கூரை, உங்கள் செலவு" என்கிறார். 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூரையைப் பொதுப்பகுதிகளில் ஒன்றாகவே சொல்கிறது. எனவே முதலில் எல்லோரும் கூடிப் பேசுங்கள்.

இவ்வூர் மழையை எளிதாக எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் ஒரே நாளில் 131.6 மில்லிமீட்டர் பெய்தது. 5,000 சதுர அடி மாடியில் அது ஏறத்தாழ 61,000 லிட்டர் தண்ணீர். வாட்டம் சரியில்லை என்றால் அத்தனையும் எங்கே போகும்?

ஒப்பந்தக்காரர் மூவரை அழைத்தால் மூவரும் மூன்று விதமான வேலைக்கு விலை சொல்வார்கள். ஒருவர் மேலே ரசாயனப் பூச்சு மட்டும் அடிப்பார். இன்னொருவர் பழைய தளத்தைப் பெயர்த்து, செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதிப்பார். சதுர அடி விலையை மட்டும் வைத்து இவ்விரண்டையும் ஒப்பிடுவது எப்படி? ரயில்வேயில் டெண்டர் விடுமுன் வேலைப் பட்டியலை நாங்களே தயாரிப்போம். ஒப்பந்தக்காரர் விலையை மட்டும் குறிப்பார். சங்கத்தின் சார்பில் நீங்களும் அப்படியே செய்யலாம்.

1. மாடியை அளந்து படம் வரையுங்கள். விரிசல், நீர் தேங்கும் இடம், குழாய் வாய், கைப்பிடிச் சுவரின் அடி ஆகியவற்றைக் குறியுங்கள். கசிவு கூரையிலா, தண்ணீர்த் தொட்டியிலா, குழாயிலா என்று முதலில் தெரிய வேண்டும்.

2. பழைய தளத்தைப் பெயர்ப்பதா, அதன் மேலேயே போடுவதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். நான்கு அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் ஏற்றும்.

3. பொருளின் பெயர், எத்தனை பூச்சு, எவ்வளவு கனம், வாட்டம், குப்பை அகற்றும் செலவு, வரி எல்லாம் பட்டியலில் இருக்கட்டும்.

4. வேலை முடிந்தபின் குழாய் வாயை அடைத்து, 48 மணி நேரம் நீர் தேக்கிச் சோதிப்பதை நிபந்தனையாக எழுதுங்கள்.

5. உத்தரவாதம் தருவது யார், எதற்கு, எத்தனை ஆண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வையுங்கள்.

புதுக் கட்டடமானால் காசை எடுக்குமுன் பத்திரத்தைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டும் கட்டுமானக் குறையை விற்றவரே 30 நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும்.

கடை, அலுவலகக் கட்டடம் வைத்திருப்போர் ஏ.சி. இயந்திரத்துக்கும் விளம்பரப் பலகைக்கும் மாடியில் போட்ட துளைகளையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். தகரக் கூரையானால் தகட்டின் கனம், திருகாணியின் ரப்பர் வளையம், தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு ஆகியவற்றைக் கேளுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை இங்கு மழை குறைவு. தளம் நன்றாகக் காயும். அதற்குள் வேலை முடிய வேண்டுமானால் தீபாவளிக்குள் பட்டியல் தயாராகிவிட வேண்டும். பட்டியல் கையில் இருந்தால் குறைந்த விலை எது, குறைந்த வேலை எது என்பது தானே விளங்கிவிடும்.