நகரும் கப்பலை இடைமறித்தல் – திசைகோளும் அளவிடைப் படமும்

திசைகோள் வினாக்களில் மலையும் கோபுரமும் அசையாமல் நிற்கும். இலக்கு நகர்ந்தால்? 2005 இல் வெளிவந்த ‘சைலன்ற் ஹன்ரர் 3’ என்னும் கணினி விளையாட்டில் மாணவர் சந்திப்பது இவ்வினாவையே. அதில் நீங்கள் இரண்டாம் உலகப் போர்க்கால ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர். வரைபடத்தில் அடிமட்டம், பாகைமானி, கவராயம் தரப்பட்டிருக்கும். உங்கள் கொம்பாஸ் பெட்டியில் உள்ளவைதான்.

கப்பல் தெரியும் திசைக்கே நேராகச் செலுத்தினால், அங்கு சேரும்போது அது போய்விட்டிருக்கும். எனவே முதலில் அதன் பாதையும் கதியும் வேண்டும். கப்பலின் இடத்தைக் குறித்து, 3 நிமிடம் 15 செக்கனின் பின் மீண்டும் குறிக்குக. இரு புள்ளிகளையும் இணைத்தால் பாதை கிடைக்கும். இடைத்தூரம் 800 மீற்றர் எனின் கதி 8 நொட். 1 நொட் என்பது மணிக்கு 1852 மீற்றர். அக்கதியில் இந்நேரத்தில் ஏறக்குறைய 100 மீற்றர் செல்லலாம்.

உதாரணம்:
நீர்மூழ்கி ‘ந’ இலிருந்து 000° திசைகோளில், 10 கடல் மைல் தூரத்தில் கப்பல் ‘க’ உள்ளது. அது 090° திசையில் 8 நொட் கதியில் செல்கின்றது. நீர்மூழ்கியின் கதி 16 நொட். அதை எத்திசையில் செலுத்த வேண்டும்?

1 கடல் மைலுக்கு 1 செ.மீ என எடுத்து, நக = 10 செ.மீ வடக்கே வரைக. அரை மணியில் கப்பல் செல்லும் 4 செ.மீ ஐ ‘ந’ இலிருந்து கிழக்கே வரைந்து ‘ப’ எனக் குறிக்குக. (‘க’ இலிருந்து அன்று! பலர் தடுமாறும் இடம் இதுவே. கப்பல் கிழக்கே நகருமளவு நாமும் நகர்ந்தால்தான் அது எமக்கு நேர் வடக்கிலேயே இருக்கும்.) ‘ப’ இனூடாக நக இற்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரைக. ‘ந’ ஐ மையமாகவும் 8 செ.மீ ஐ ஆரையாகவும் கொண்ட வில் அக்கோட்டை ‘ம’ இல் வெட்டும். நம இன் திசைகோள் 030°. அதுவே விடை.

பம ஏறக்குறைய 6.9 செ.மீ. அதாவது அரை மணியில் இடைவெளி 6.9 கடல் மைலால் குறையும். 10 கடல் மைலும் குறைய ஏறத்தாழ 43 நிமிடம் செல்லும்.

இனி நீருக்கடியில் செல்வோம். 7சி வகை நீர்மூழ்கியின் உச்சக் கதி நீர்மேல் 17.7 நொட், நீருக்கடியில் 7.6 நொட் மட்டுமே. ஆரை 3.8 செ.மீ ஆகும், வில் கோட்டைத் தொடாது, விடையும் இல்லை. இதனாலேயே உண்மைத் தலைவர்களும் நீர்மேல் ஓடி, கப்பலுக்கு முன்னே சென்று, பின்பு மூழ்கிக் காத்திருந்தனர். 1943 இல் ராடர் பொருத்திய விமானங்கள் பெருகியபோது அந்த நீர்மேல் ஓட்டமே அவர்களுக்கு உயிராபத்தானது.

சரிபார்த்தல்: செல்லும் வழியில் கப்பலின் திசைகோள் 000° ஆகவே இருந்து தூரம் மட்டும் குறைந்தால் பாதை சரி. அது கிழக்கே விலகினால் கப்பல் உங்களை முந்துகின்றது.

பயிற்சி: கப்பலின் கதி 12 நொட் எனின் செலுத்தவேண்டிய திசைகோளைக் காண்க. (விடை: ஏறக்குறைய 049°)